ஊத மாட்டேன் என்றேன், 133 நாள் லைசென்ஸ் போனது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் தள்ளிப்போட்டேன். என் மாமியார் வீட்டில் இன்னும் முழுக்கதை தெரியாது. வண்டி பழுதாகிவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் போன மாதம் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பையன், "போலீஸ் பிடித்தால் குடிச் சோதனைக் கருவியில் ஊதவே கூடாது, ஊதினால்தானே ஆதாரம்" என்று நாலு பேருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் அதே பாடத்தை அதே பெஞ்சில் வைத்துத்தான் வேறொருவர் எடுத்திருந்தார். அதை நம்பி நான் இழந்தது ஒரு லட்சத்துக்கும் மேல். அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டிலும் தோட்டத்திலும் தமிழ், ஆபீசுக்குப் போனால் மலையாளம். நான் படித்ததும் இங்கேயே தமிழ் வழியில்தான்; மலையாளம் சரளமாகப் பேசுவேன், எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டுவிடுவார். இது முக்கியம், பிறகு வருகிறேன். தொழில் இளநீர் வியாபாரம். சொந்தமாக ஒரு பிக்அப் வண்டி, நானே முதலாளி, நானே டிரைவர். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள் இறக்கத் தடை. எங்கள் பக்கம் பனையும் தென்னையும் கள்ளுக்காகவே பேர்போனவை. ஆகவே பொள்ளாச்சிப் பக்கமிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் கள்ளுக்கடைக்குக் கூட்டிப்போவது இங்கே ஒரு விருந்தோம்பல் முறை. போகவில்லையென்றால் கோபித்துக்கொள்வார்கள்.

அன்று ஒரு வியாழக்கிழமை. மச்சான் வந்திருந்தார். வண்டியில் 640 இளநீர் ஏற்றித் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது, இரவு ஒன்பதுக்குள் திருச்சூரில் இறக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குக் கடையில் உட்கார்ந்து மரவள்ளிக் கப்பையும் மத்திக்குழம்பும் சாப்பிட்டோம். மச்சான் ஒரு குடுவையைக் காலி செய்தார், நான் இரண்டு கிளாஸ். பிறகு வீட்டுக்கு வந்து மாமரத்தடிக் கயிற்றுக்கட்டிலில் இரண்டரை மணி நேரம் தூங்கினேன். எழுந்து முகம் கழுவி, ஒரு காபி குடித்து, ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தேன். கள்ளைக் குடி என்று நான் அதுவரை கணக்கில் சேர்த்ததே இல்லை. என் அப்பாவும் சேர்த்ததில்லை. ரத்தத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது என்பது உறைக்கவே இல்லை.

ஐந்து இருபதுக்கு, பாலக்காடு சாலையில் ஒரு வளைவு தாண்டியதும் கை காட்டினார்கள். எஸ்.ஐ. என்னைவிட இளையவர். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. திருப்பித் தரும்போது சன்னல் பக்கம் குனிந்தவர் ஒரு நொடி நின்றார். மத்தி வாசமா, கள் வாசமா தெரியாது. பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் கறுப்பாக செல்போன் அளவில் ஒரு கருவியை எடுத்து, பிளாஸ்டிக் உறையைக் கிழித்து ஒரு வெள்ளைக் குழாயைச் செருகி, "சேட்டா, ஒந்நு ஊதிக்கே" என்று நீட்டினார். குரலில் எந்த அதட்டலும் இல்லை. ஊதியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் பயம். இயந்திரம் எதைக் காட்டுமோ என்ற பயம். அப்புறம் வெட்கம், எதிர் வரப்பில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து வெளியே வரும்போது வீம்பாக மாறிவிட்டது. "ஊத மாட்டேன், எனக்கு உரிமை உண்டு" என்றேன். எந்த உரிமை, எந்தச் சட்டம் என்று கேட்டிருந்தால் டீக்கடை பெஞ்சைத்தான் காட்டியிருப்பேன். அவர் மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை, "மறுத்தால் கைது செய்ய வேண்டியிருக்கும்" என்று தமிழிலேயே சொன்னார். மிரட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டத்தைச் சொல்லியிருக்கிறார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 203ஆம் பிரிவு. குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், ஓட்டுபவரைச் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி ஊதச் சொல்லலாம். அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அதிகாரியும் சொல்லலாம். போலீஸ் சொல்லியும் மறுத்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். உள்நோயாளியாக ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு மட்டும் அந்தக் கைதிலிருந்து விலக்கு. இது மத்தியச் சட்டம்; மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கிடையாது. கள் எல்லையோடு நின்றுவிடும், 203 நிற்காது.

ஸ்டேஷனில் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். கைதானவருக்கு ஸ்டேஷனில் வைத்து மறுபடி ஊத வாய்ப்பு தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இதை நான் அன்று அறிந்திருந்தால் அந்த இடத்திலாவது சுதாரித்திருப்பேன். யோசிக்க நேரமும் இருந்தது, வேடிக்கை பார்க்க ஆளும் இல்லை. ஆனால் ஒருமுறை மாட்டேன் என்று சொல்லிவிட்டு இப்போது சரி என்றால் முதலில் பொய் சொன்னதுபோல் ஆகிவிடுமே என்று மறுபடியும் தலையை ஆட்டினேன். முதல் மறுப்பைப் பயத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது சுத்த முட்டாள்தனம். சாலையில் வாய் தவறி மறுத்துவிட்ட யாராவது இதைப் படித்தால் ஒன்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்டேஷனில் மனம் மாறுவதில் ஒரு கேவலமும் இல்லை. "இப்போது ஊதுகிறேன், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.

அங்கேதான் கையெழுத்துச் சடங்கு. மலையாளத்தில் நான்கைந்து தாள். வாசிக்க முடியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. முப்பது ஆண்டுகளாக இந்த மாநிலத்தில் வியாபாரம் செய்கிறவன் அல்லவா. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அதில் ஒன்றில் நான் இரண்டு முறை மறுத்தேன் என்பதும், பேச்சில் தடுமாற்றம் இருந்தது என்பதும் எழுதியிருந்ததாக வக்கீல் பிறகு வாசித்துக் காட்டினார். தடுமாற்றம் பயத்தில் வந்தது, ஆனால் தாளில் காரணத்துக்கு இடமில்லை. எல்லையோரத் தமிழர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லச் சொல்வதும் உங்கள் உரிமைதான். நான் மனைவிக்குப் பேசினேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "ஊதினால் என்ன குறைந்து போயிருக்கும்?"

அடுத்து அரசு மருத்துவமனை. குடிபோதை வழக்கில் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 202ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தபடியே ஓட்டினார்கள். அவசரப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர். கண்ணில் டார்ச் அடித்தார், நேராக நடக்கச் சொன்னார், கண்ணை மூடி விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு தாளில் பெயர் எழுதச் சொன்னார். பிறகு ரத்தம். ஊத மறுத்தவரிடம் ரத்தம் கேட்க 204ஆம் பிரிவு இடம் தருகிறது. அதையும் மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு, "நீங்கள் மறுத்தால் மறுத்தார் என்று எழுதுவேன். ரத்தம் கொடுத்தால் ரத்தம் என்ன சொல்கிறதோ அதை எழுதுவார்கள். எது உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறீர்கள்?" என்றார். அன்று முழுவதும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கையை நீட்டினேன். மணி ஆறு இருபத்தைந்து.

அப்போது நடந்த ஒரு சின்ன விஷயம் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நர்ஸ் வழக்கம்போலப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து என் முழங்கை மடிப்பை நோக்கி வந்தார். மருத்துவர் நிமிராமலே, "ஸ்பிரிட் வேண்டா" என்றார். நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு அதை எறிந்துவிட்டு வேறு மருந்து எடுத்தார். ஸ்பிரிட்டே ஆல்கஹால்தானே; அந்தப் பஞ்சு பட்டிருந்தால் சோதனை முடிவையே சந்தேகிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு இந்த நிலைமை வந்தால் ஊசி குத்துமுன் எதில் துடைக்கிறார்கள் என்று பாருங்கள், மரியாதையாகக் கேளுங்கள். குப்பியில் உங்கள் பெயர், நேரம், சீல் மூன்றையும் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கைதானவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால் இன்னொரு பெண் உடனிருக்கும்போதுதான் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் இரவு ஒன்பதரைக்குத் தம்பியும் பக்கத்துத் தோட்டக்காரரும் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துவந்தார்கள். வண்டியைத் தம்பி ஓட்டினான். லைசென்ஸ் மட்டும் போலீசிடமே நின்றுவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 185ஆம் பிரிவுக் குற்றம், அதாவது குடித்துவிட்டு ஓட்டிய குற்றம், செய்திருப்பதாக நம்பினால் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு ரசீது தருவார்கள். அந்த ரசீதை வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டக் கூடாது. இதுவும் மறுநாள் வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. நல்லவேளை, காலையில் சாவியை எடுக்குமுன் அவரைப் பார்த்துவிட்டேன். இளநீர்க் கதை சுருக்கம்: திருச்சூர்க்காரர் வேறு லோடு எடுத்துவிட்டார், மறுநாள் காய்க்கு எட்டு ரூபாய் குறைத்துத் தள்ளிவிட்டேன்.

வக்கீல் அட்டை கிழிந்த ஒரு சட்டப் புத்தகத்தை என் முன் திருப்பி வைத்து, 205ஆம் பிரிவை மெதுவாக விளக்கினார். மூச்சோ ரத்தமோ கொடுக்க மறுத்தவர் அதற்கு நியாயமான காரணம் காட்டாவிட்டால், அந்த மறுப்பையே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலு சேர்க்கும் விஷயமாகவோ, நம் தரப்புச் சாட்சியத்தை உடைக்கும் விஷயமாகவோ நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். "ஆதாரம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தீர்கள். மறுத்ததே ஆதாரமாகப் போய் உட்கார்ந்திருக்கிறது" என்றார். நான் விடவில்லை. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை என்று அரசியல் சாசனம் சொல்கிறதே என்றேன். அவர் சிரித்துவிட்டு, 1961இலேயே உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு, கைரேகை, கையெழுத்து மாதிரி கொடுப்பதெல்லாம் தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று தீர்த்துவிட்டது, நீங்கள் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன விவாதம் இது என்றார். போதாததற்கு, கைதானவரைப் பரிசோதிக்கத் தேவையான அளவு பலத்தைக்கூடப் பயன்படுத்தலாம் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு சொல்கிறதாம். என் உரிமை என்று நான் ரோட்டில் கத்தியதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. கொஞ்சம்தான்.

நேர்மையாக அவர் இன்னொன்றும் சொன்னார். ஊத மறுப்பதற்கென்று சிறைத்தண்டனை சொல்லும் தனிப் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் என்ற எண்தான் 185இன் உயிர். அந்த எண் இல்லாத வழக்கை எதிர்த்து வாதாட இடமுண்டு. ஆனால் அந்த வாதம் முடிய எத்தனை வாய்தா, அதுவரை லைசென்ஸ் எங்கே, பிழைப்பு எங்கே? டீக்கடையில் முதல் பாதியை மட்டும்தான் சொல்கிறார்கள். நிரூபணமானால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் இரண்டு ஆண்டு வரை, பதினைந்தாயிரம். ஸ்பாட்டில் பணம் கட்டி முடிக்கிற குற்றமும் அல்ல, நீதிமன்றம் ஏறியே ஆக வேண்டும். விபத்தாகியிருந்தால் கதையே வேறு என்றும் எச்சரித்தார். ஓட்டியவர் போதையில் இருந்தார் என்பதை ஊதிய சீட்டோ ரத்தச் சோதனையோ இல்லாமல் மற்றச் சூழ்நிலைகளைக் கொண்டே இன்சூரன்ஸ் நிறுவனம் நிறுவலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. ஆக ஊதாமல் தப்பித்தாலும் நொறுங்கிய வண்டிக்குக் காசு வராமல் போகலாம்.

அதன் பிறகு காத்திருப்பு. இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, ஆனால் இதுதான் என்னைத் தின்றது. ரத்தம் அரசு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது. முடிவு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாளுக்கு 900 ரூபாய்க்கு ஒரு பையனை டிரைவராக வைத்தேன். என் வண்டியில் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவேன். சந்தையில் எல்லோரும் "என்ன முதலாளி ஆகிவிட்டீர்களா?" என்பார்கள். ஆமாம் என்பேன். அடுத்த மாதம் ஆர்.டி.ஓ.விடமிருந்து நோட்டீஸ். லைசென்ஸை நிறுத்தி வைக்கும் முன் நம் தரப்பைக் கேட்டாக வேண்டும். முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம், மறுபடி என்றால் ரத்தே செய்யலாம். நோட்டீஸ் வந்தால் பயந்து பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். குறித்த நாளில் போய் எழுத்தில் பதில் கொடுங்கள். எங்கள் தாலுகா போன்ற தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்; நான் தமிழில்தான் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். ஆய்வுக்கூட முடிவு வரும்வரை முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டிருந்தேன்.

மூன்றரை மாதம் கழித்து முடிவு வந்தது. 7 மில்லிகிராம். வக்கீல் போனில் சொன்னபோது முதலில் சந்தோஷப்பட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் அந்த எண்ணின் அர்த்தம் புரிந்தது. உடம்பு ஆல்கஹாலைச் செரிக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்கிறார்கள். ரோட்டில் நிறுத்தியதற்கும் ரத்தம் எடுத்ததற்கும் இடையில் ஒரு மணி ஐந்து நிமிடம். அப்படியானால் அந்த வெள்ளைக் குழாயில் ஊதியிருந்தால் இருபத்திச் சொச்சம் காட்டியிருக்கும், திட்டி அனுப்பியிருப்பார்கள், ஒன்பது மணிக்குத் திருச்சூரில் இருந்திருப்பேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்திச் சொச்சம் என்பது முப்பதுக்குப் பக்கத்து வீடு என்பதும் தெரியும். இன்னொரு அரை கிளாஸ் குடித்திருந்தால், அரை மணி முன்னால் கிளம்பியிருந்தால் என்ன என்று மனைவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

185 வழக்கு அதோடு நின்றது. அதிகாரியின் சட்டப்படியான உத்தரவை மீறியதற்காக 179ஆம் பிரிவில் 2,000 ரூபாய் கட்டினேன். ஆர்.டி.ஓ. நடவடிக்கை எடுக்காமல் லைசென்ஸைத் திருப்பித் தந்தார். கைப்பற்றியதிலிருந்து 133ஆவது நாள். கணக்கு இது: டிரைவர் கூலி 100 நாளுக்கு 90,000, வக்கீலுக்கு 15,000, இளநீரில் 5,120, அபராதம் 2,000, அலைச்சல் செலவு 3,000. மொத்தம் 1,15,120. குடித்துவிட்டு ஓட்டினான் என்று தீர்ப்பே வந்திருந்தாலும் அபராதம் பத்தாயிரம்தான். ஒரு குற்றமும் நிரூபணமாகாமல் அதைப்போல் பதினொரு மடங்கு கட்டியவன் நான்.

கருவியை நம்ப முடியாது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தேகம் நியாயமானதுதான். 2025இல் பந்தளம் கே.எஸ்.ஆர்.டி.சி. (கேரள அரசுப் பேருந்து) டிப்போவில் பலாச்சுளை தின்ற டிரைவர்களைக் கருவி குடிகாரர்களாகக் காட்டிய செய்தியை இங்கே எல்லோரும் சிரித்துச் சிரித்துப் படித்தோம். ஆயுர்வேத மருந்தான அரிஷ்டங்களிலும் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை ஆல்கஹால் உண்டு. ஆனால் இதற்கெல்லாம் மருந்து மறுப்பது அல்ல. சற்று முன் அரிஷ்டம் குடித்தேன் என்றால் அதைச் சொல்லி, வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கேளுங்கள், கால் மணி நேரம் விட்டு மறுபடி ஊதக் கேளுங்கள். வாயில் தங்கியது அதற்குள் போய்விடும். புதுக் குழாயா என்று பாருங்கள். உங்களை ஊதச் சொல்லும் முன் வெறும் காற்றில் கருவி பூஜ்யம் காட்ட வேண்டும், இதைக் கேரள உயர் நீதிமன்றமே வலியுறுத்தியிருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஆஸ்துமா போன்ற காரணத்தால் ஊத முடியாதென்றால் உடனே வாய்விட்டுச் சொல்லி, ரத்தம் தருகிறேன் என்றும் சொல்லுங்கள். 205 கேட்கிற நியாயமான காரணம் அதுதான். எண் வந்த பிறகு அதோடு சண்டை போட ஆயிரம் வழி உண்டு.

மச்சான் பொங்கலுக்கு வந்தார். கடைக்குப் போனோம். அவர் குடித்தார், நான் கப்பை தின்றேன். வீடு திரும்பும்போது சாவியை எடுத்தேன். மனைவி வாங்கி அந்தப் பையனிடம் கொடுத்துவிட்டாள். அவனை நிறுத்தலாம் என்று நான் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. திங்களும் வியாழனும் திருச்சூர் லோடுக்கு இன்றும் அவன்தான் ஓட்டுகிறான், நான் பக்கத்து சீட்டில்.